கலியாணக் காரின் மதிப்பிழப்பு

அடிபட்ட வாகனம் தானாக உண்மையைச் சொல்லாது. தட்டிக் கேட்க வேண்டும். மடக்கிய விரல் மொளியால் கதவில் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். பட்டி பூசி மறைத்த தகடு தடிமன் பிடித்து மூக்கடைத்தவன்போலத் தொண்டைக்குள் முனகும். மன்னாரில் பதினொரு வருடமாக நான் இப்படித் தட்டிக்கொண்டிருக்கிறேன். காப்புறுதிக் கம்பெனிகள் கூப்பிட்டால் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவேன். பொம்பிளைப் பிள்ளைக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள், இப்போது கார் வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கேட்டவர்கள் யார் யாரென்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறக்கிற குணம் எனக்கு இல்லை.

சேதத்துக்கு விலை போடுவது சுலபம். கதவுக்கு இவ்வளவு, பெயின்டுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு. கஷ்டம் அதற்குப் பிறகுதான். எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும், அடிபட்டது என்று தெரிந்துவிட்டால் பழைய விலைக்கு எவரும் வாங்க மாட்டார்கள். விபத்துக்கு முன் சந்தையில் என்ன விலை போயிருக்கும், திருத்திய பிறகு என்ன விலை போகும், இடையில் விழுந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நாங்கள் மதிப்பிழப்பு என்று எழுதுவோம். இந்த வேலைக்கு இரும்பைத் தெரிந்தால் போதாது, ஊர் வாயையும் தெரிந்திருக்க வேண்டும். அதனாலேயே எனக்கு அதில் ஒரு தனி விருப்பம்.

எதைப் பார்த்தாலும் மனதுக்குள் ஒரு விலை போடுவது என் பழக்கம். போட்டதை வெளியே சொல்லிவிடுவது இன்னொரு பழக்கம். முப்பத்தாறு வயது வரை எனக்குக் கலியாணம் சரிவராததற்கு இந்த வாய்தான் காரணம் என்பது அம்மாவின் தீர்ப்பு. பெண் பார்க்க வந்த ஒருவரிடம், நீங்கள் வந்திருக்கும் கார் ஒருமுறை உருண்டிருக்கிறது, விற்றவன் உங்களுக்குச் சொன்னவனா என்று நான் கேட்டது உண்மைதான். அவர் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார். நான் சொல்லப்போகும் வருடத்தில் எல்லாம் ஒருவழியாக ஒப்பேறியிருந்தது. மாப்பிள்ளை அரிப்புக் கிராமத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து இரண்டாவது சனிக்கிழமை கலியாணம் என்று திகதியும் வைத்தாயிற்று. அம்மா பகலில் நாலு தரம் அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாளில் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் ஒரு கார் இருந்தது. பழைய, நீளமான, வெள்ளை நிற ஜப்பான் கார். உப்புக்காற்றில் ஐந்து வருடத்தில் வாகனங்கள் பொத்தல் விழும் தீவில், அது இருபத்திரண்டு வருடமாகப் பால்போல நின்றது. காரணம் அதன் சொந்தக்காரர். அறுபதைத் தொட்டவர், மெலிந்தவர், அதிகம் பேசாதவர். காலையும் மாலையும் நல்ல தண்ணீரில் காரைக் கழுவுவார். அந்தக் காரை அவர் கலியாணங்களுக்கு மட்டுந்தான் ஓட்டுவார். கத்தோலிக்கப் பெண்கள் அதில்தான் கோவிலுக்குப் போனார்கள், முஸ்லிம் மாப்பிள்ளைமாரும் அதில்தான் ஊர்வலம் போனார்கள். அவருடைய சட்டைப் பையில் சிவப்பு மட்டை போட்ட ஒரு சின்னக் கொப்பி எப்போதும் இருக்கும். திகதி கேட்டுப் போகிறவர்களுக்கு உடனே பதில் கிடைக்காது. விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, நெற்றியைச் சுருக்கி, "பாப்பம், ஒரு நாள் இருக்குப் போல" என்பார். அந்த ஒரு நாள் கிடைத்தவர்கள் சீட்டிழுப்பில் பரிசு விழுந்தவர்கள்போல வீட்டுக்குப் போவார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு வரைக்குமான தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே அது தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை எல்லோருக்கும் அவசரம். அப்படி ஒரு சனிக்கிழமை தாழ்வுபாட்டுக் கோவிலில் கலியாணப் பூசை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். கார் வீதியோரத்தில் கதவு திறந்தபடி நின்றது. யாரோ வெடி கொளுத்தினார்கள். மதிலோரம் நின்ற கழுதை ஒன்று மிரண்டு வீதிக்குப் பாய்ந்தது. எங்கள் தீவில் வீதி கழுதைகளுடையது, நாங்கள் அதை இரவல் வாங்கி ஓடுகிறவர்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரைக்கு ஐஸ் ஏற்றி வந்த லொறி, கழுதையைக் காப்பாற்ற வெட்டித் திருப்பி, காரின் பின்பக்கத்தில் போய் ஏறியது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை, கழுதைக்கும் இல்லை. காருக்குத்தான் பின்கதவிலிருந்து டிக்கி வரை நசிந்துபோயிற்று.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் விபத்து. விருந்து மண்டபம் பட்டினத்தில் இருந்தது. அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள், வேறு வாகனம் கிட்டத்தில் இல்லை. லொறிக்காரர் முசலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. இறங்கி ஓடி வந்தவர், வேறு வழி தெரியாமல், என்னுடைய லொறியிலேயே ஏறுங்கள் என்று கெஞ்சினார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஐஸ் லொறியின் முன் இருக்கையில் ஏறினார்கள். வெள்ளை முக்காடு யன்னலுக்கு வெளியே பறக்க, பின்னால் ஐஸ் தண்ணீர் வீதி நீளத்துக்கு ஒழுக, லொறி போனது. போதாக்குறைக்கு அந்தக் கழுதையும் ஊர்வலத்துக்கு வழிகாட்டுவதுபோல லொறிக்கு முன்னால் கொஞ்சத் தூரம் ஓடியது. போட்டோக்காரர் சும்மா இருப்பாரா? பொழுதுபடுவதற்குள் தீவில் கைத்தொலைபேசி வைத்திருந்த அத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். ஆறு தரம் பார்த்துச் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அது கலியாணக் கார் அல்ல, கழுதைக் கார். இரண்டு கிழமையில் திருத்தி வந்துவிட்டது. ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு அந்தக் கொப்பியில் ஐந்து கலியாணங்கள் இருந்தன. ஐந்து வீட்டுக்காரரும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி ஒவ்வொருவராக வந்து வேண்டாம் என்றார்கள். தங்கள் பெண் இறங்கும்போது வாசலில் நிற்கிறவர்கள் பொத்திப் பொத்திச் சிரிப்பதை யார் விரும்புவார்கள்? இப்படியான பெயர் ஒரு பருவம் ஒட்டினால் பிறகு சுரண்டி எடுக்க முடியாது. அந்த உயிர்ப்புக் காலத்தில் கோவில் வாசலுக்குப் போகாவிட்டால் காரின் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. லொறிக்காரரின் காப்புறுதிக் கம்பெனி, இன்ன காரின் மதிப்பிழப்பைப் பார்த்து எழுது என்று எனக்கு வேலை தந்திருந்தது. அவ்வளவுதான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பின்னேரம் மூன்று மணிபோல அவர் வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முற்றத்து வேப்பமர நிழலில் கோவில் கதிரைகள் இருபதை வரிசையாகப் போட்டு, அத்தனையிலும் ஆட்கள் இருந்தார்கள். செத்த வீட்டுக்குள் தெரியாமல் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் அழவில்லை. கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். கார்க்காரர் கலியாணத்துக்கு ஓட்டும்போது போடும் வெள்ளை நீளக்கை சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு எழும்பி வந்தார்.

"வாங்கோ மிஸ். சாட்சியள் எல்லாரும் வந்திட்டினம்" என்றார்.

என்ன சாட்சி என்று கேட்க விடாமல் என்னைப் பெரிய கதிரையில் இருத்தி, கையில் தேத்தண்ணியையும் தந்துவிட்டார்கள். முதலில் எழும்பியவர் கோவில் உபதேசியார். நாலரைக்குச் சிலுவைப்பாதைக்கு மணி அடிக்க வேண்டும், அதனால் முதலில் பேசுகிறேன் என்று தொடங்கினார். இருபத்திரண்டு வருடமாக இந்த மனிதர் கோவில் வாசலில் எப்படி நின்றார், எப்படிக் கதவு திறந்தார், பெரிய சாமிமார்கூட எப்படி இவருக்குக் கை காட்டிவிட்டுப் போவார்கள் என்றெல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் வாய் வழுக்கிவிட்டது.

"அப்பிடி இருந்த மனுசன் மிஸ், இப்ப கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை."

கழுதை என்ற சொல் விழுந்ததும் கதிரைகள் குலுங்கின. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடினார்கள். கார்க்காரர் உபதேசியாரை யூதாசைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்ததாக விபத்து நடந்த அன்றைய கலியாணப் பெண்ணைக் கூப்பிட்டார். அவமானத்தை நேரில் பட்டவள், அவள் சொன்னால் நான் நம்புவேன் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை எழும்பி, கார்க்காரர் பாவம் என்று தொடங்கி, பிறகு தன் புருசனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆனால் லொறிக்குள்ள சில்லெண்டு இருந்தது மிஸ், காரில அவ்வளவு குளிர் வராது" என்று முடித்தாள். அதற்கு மேல் எவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இருபது பேரைக் கூட்டி வைத்து என்னைப் பகிடி பண்ணுகிறார்களோ என்று நினைத்தேன். அப்போது லொறிக்காரர் எழும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, இவர் மதிப்பான மனுசன். இவர்ர மதிப்பை என்ர லொறிதான் இடிச்சது. எவ்வளவெண்டாலும் எழுதுங்கோ, நான் மறுப்புச் சொல்ல மாட்டன்."

எனக்கு மெல்ல வெளிக்கத் தொடங்கியது. கம்பெனி அனுப்பிய கடிதத்தைக் காட்டச் சொன்னேன். கார்க்காரர் அதை மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். கொழும்பில் யாரோ ஆங்கிலத்திலிருந்து மாற்றி எழுதிய கடிதம். மேற்படி விபத்தினால் தங்களுக்கு ஏற்பட்ட மதிப்பிழப்புக்கான ஆதாரங்களையும் சாட்சிகளையும் பரிசோதகர் வரும்போது சமர்ப்பிக்கவும் என்று இருந்தது. வாகனத்தின் என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் வாகனத்துக்கு இருப்பது விலை. மதிப்பு மனிதருக்குத்தான். திருத்திய கராஜ்காரர் எழுதிக்கொடுத்த ஆங்கில விண்ணப்பத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைத்த மனிதர், பதிலாக வந்த கடிதத்தை ஒன்றுக்கு மூன்று தரம் வாசித்துவிட்டு, தன்னுடைய மரியாதை எவ்வளவு போயிற்று என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறது என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் விளங்கப்படுத்தினேன். கார் விற்றால் என்ன விலை குறையும் என்று பார்க்கத்தான் வந்தேன், வேறொன்றுக்கும் இல்லை என்றேன். கடலை கொறிக்கும் சத்தம் நின்றது.

"அப்ப என்ர மதிப்பைப் பற்றி ஆரும் கேக்கேல்லையோ?" என்றார் கார்க்காரர்.

எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஆறு தரச் சிரிப்பு என் வயிற்றுக்குள் இருந்தது. வேலையைச் செய்வதே மேல் என்று எழும்பிக் காரிடம் போனேன். கதவுகளின் கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பெயின்டின் தடிப்பை அளக்கும் கருவியை இடம் இடமாக வைத்துப் பார்த்தேன். கதவுப் பிணைச்சல் ஆணிகளில் கழற்றுகிற சாவி பிடித்த தடம் இருக்கிறதா என்று பார்த்தேன், டிக்கி விரிப்பைத் தூக்கி ஈர மணம் வருகிறதா என்று மோந்து பார்த்தேன். பிறகு தட்டினேன். வலது பக்கம் முழுக்கக் கணீர். இடது பின்கதவும் அதை ஒட்டிய பக்கமும் மட்டும் தடிமன் முனகல். மற்றபடி திருத்தியவன் கெட்டிக்காரன், பெயின்ட் ஒட்டிய இடமே தெரியவில்லை. இரும்பைப் பார்த்து எழுதினால் நான் எழுதக்கூடிய தொகை சின்னத் தொகைதான்.

ஆனால் சந்தை விலை என்பது வாங்குகிறவன் வாயில் இருப்பது. வாங்கக்கூடிய இருபது பேர் வரிசையாக இருக்கும்போது நான் ஏன் சும்மா போக வேண்டும்? திரும்பி வந்து, இந்தக் கார் விலைக்கு வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோவில் மாதர் சங்கத்துத் தலைவி இருந்தார். ஐந்து பேரில் முதலாவதாகக் காரை வேண்டாம் என்றவர் அவர்தான். அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர் எழும்பினார்.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது மிஸ். சந்தைக்குப் போய் வரக் கேட்டால் வாங்குவன். என்ர பிள்ளையை இதில கோவிலுக்கு அனுப்ப மாட்டன். சனம் சிரிக்கும்."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கடிதத்தைப் பிழையாக விளங்கவில்லை, சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். அந்தக் காரின் விலை இரும்பில் இருக்கவில்லை, அதைக் கண்டதும் ஊர் விலகி வழிவிட்டதில் இருந்தது. அது போனால் மிச்சம் இருபத்திரண்டு வயதுப் பழைய கார். சாட்சிகளைக் கூட்டி வைத்த மனிதர் என் தொழிலை என்னைவிட நன்றாகச் செய்திருந்தார். பதினொரு வருட அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவளுக்கு அது நல்ல குட்டு.

அவரிடம் போய், இவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன், தொகை நன்றாக வரும், இனி விற்றாலும் உங்களுக்கு நட்டமில்லை என்றேன். அவருக்குச் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"விக்கிறதெண்டு ஆர் சொன்னது பிள்ளை? உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு கோவில் வாசல்ல ஒருக்கா கதவு திறக்கோணும். எனக்கு அது காணும்."

அதுவரை மிஸ் என்றவர் அப்போதுதான் என்னைப் பிள்ளை என்றார்.

"போனதைத்தான் அண்ணை என்னால எழுத ஏலும். திருப்பித் தர ஏலாது" என்றேன். உபதேசியார் மணி அடிக்க ஓடினார். பின்னால் எல்லோரும் தங்கள் தங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போனார்கள்.

அறிக்கையை எழுதி அனுப்பினேன். இருபது பேருடைய அபிப்பிராயம் என்ன அபிப்பிராயம் என்று கம்பெனியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் இழுத்தார். மன்னாரில் கார் வாங்குவது கொழும்புக்காரர் அல்ல, மன்னார்க்காரர் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். தொகை குறையாமல் வந்து சேர்ந்தது, அந்தக் கோப்பு அத்தோடு மூடப்பட்டது. ஆனால் அந்தக் கோவில் வாசல் என்ற சொல் எனக்குள் மூடப்படவில்லை. உயிர்ப்புக்கு முந்திய பெரிய கிழமையில் ஒரு நாள் தாழ்வுபாட்டுப் பக்கத்தால் வரும்போது அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். போக ஓர் இடமும் இல்லாத காரை, நாளைக் காலை பெண் ஏறப்போவதுபோலக் கழுவினார். நான் நிறுத்தி, உயிர்ப்பு கழிந்து இரண்டாம் சனிக்கிழமை கார் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பகிடி விடாதேங்கோ பிள்ளை" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு மூக்கு நுனிக்குக் கோபம் வந்தது. "நான் இரக்கப்பட்டு வாகனம் பிடிக்கிறவள் இல்லை அண்ணை. இந்தத் தீவில ஆணி ஆணியாப் பாத்த கலியாணக் கார் எனக்கு இது ஒண்டுதான். மற்றதுகளை நம்பி நான் ஏற மாட்டன்" என்றேன்.

அது முழு உண்மை அல்ல. பாதி உண்மை. மற்றப் பாதி, வேப்பமரத்தடியில் அவர் கேட்ட கேள்வி. அவர் கையைத் துடைத்துவிட்டுச் சிவப்புக் கொப்பியை எடுத்தார். ஐந்து தாள்களில் கோடு கிழித்து வெட்டியிருந்தது. அவற்றைத் தாண்டி ஒரு தாளில் என் திகதியை எழுதினார்.

வீட்டில் பூகம்பம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பூ அலங்காரத்தோடு ஒரு புதுக் காருக்குச் சொல்லி வைத்திருந்தார். கழுதைக் காரிலா என் பிள்ளை போவது என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. தவக்காலம் என்றபடியால் அது உபவாசத்தில் சேர்ந்துவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ பார் என்று அரிப்புக்குத் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஐஸ் லொறி கிடைக்காதா என்று கேட்டாராம். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே விசர்தான். கழுதையில போனாலும் சரி, கலியாணம் நடந்தால் காணும்" என்றார். அன்று பின்னேரம் நன்றாகச் சாப்பிட்டார்.

கலியாண நாள் காலையில் கார் எங்கள் படலைக்கு வந்தது. கம்பெனி கொடுத்த காசில் இருக்கைகளுக்கெல்லாம் புதிதாகப் பால் நிற உறை தைத்திருந்தார். முன்பக்கத்தில் மல்லிகைச் சரம். அவர் இறங்கி, இடது பக்கக் கதவை விட்டு வலது பக்கமாக என்னைக் கூட்டிப் போய்க் கதவு திறந்தார். அடிபட்ட கதவால் பெண்ணை ஏற்றக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பின் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கடைகளில் தொங்குமே, என்னைப் பார் யோகம் வரும் என்று எழுதிய கழுதைப் படம், அதுதான். மாப்பிள்ளை முதல் நாள் வந்து கேட்டு ஒட்டிவிட்டுப் போனாராம். கார்க்காரர் முதலில் முகத்தைச் சுழித்தாலும் பிறகு கிழிக்கவில்லை. கழுதையைப் பார்த்து யோகம் வருமென்றால் மன்னாரில் ஏழையே இருக்க முடியாது. ஆனாலும் எனக்கு மாப்பிள்ளையை அந்த இடத்தில் நிரம்பப் பிடித்துவிட்டது.

கோவில் வாசலில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு சனம். பாதிப் பேர் என்னைப் பார்க்க வரவில்லை, காரைப் பார்க்க வந்தவர்கள். கார் நின்றதும் அந்தப் பொத்திப் பொத்திச் சிரிப்புத் தொடங்கியது. கார்க்காரர் நிமிர்ந்து நடந்து வந்து அதே கதவைத் திறந்தார். இறங்கினேன். சேலையைச் சரிசெய்தேன். பிறகு ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது, பதினொரு வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. விரலை மடக்கிக் கதவில் தட்டினேன். கணீரென்றது.

"பொம்பிளை காரைத் தட்டிப் பாக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். வாசல் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன், கார்க்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முள் இருக்கவில்லை. போட்டோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். நான் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்ற நேரத்துக்குள்ளேயே அது தீவைச் சுற்றி வந்துவிட்டதாம். ஊரில் ஒரு கதையை இன்னொரு கதையால்தான் அழிக்கலாம். வாகனத்தில் நூறு பிழை பிடிக்கிறவள் தன் கலியாணத்துக்குத் தட்டிப் பார்த்து எடுத்த கார் என்றால் அதில் என்ன குறை இருக்கும் என்று வாசலிலேயே பேச்சு மாறியிருக்கிறது.

பூசை முடிந்து வெளியே வந்தோம். வெடி கொளுத்த ஒருவரையும் உபதேசியார் விடவில்லை. லொறிக்காரர் அன்றைக்கு லொறியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்திருந்தார். வீதியோரம் நின்ற கழுதைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றவரைப் பார்த்து அம்மாகூடச் சிரித்தார். நாங்கள் இருவரும் காரில் ஏறி இருந்தோம். கார்க்காரர் சாவியைத் திருப்பப் போனபோது ஓட்டுநர் பக்க யன்னலில் ஒரு முகம் குனிந்தது. மாதர் சங்கத்துத் தலைவி.

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. மகளுக்குப் பேசி வைத்த வவுனியாக் கார்க்காரன் ஏதோ சாட்டுச் சொல்லுகிறான், அவனை நம்ப ஏலாது என்று தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவளின்ர கலியாணத்துக்கு உங்களிட்ட நாள் இருக்குமோ அண்ணை?"

கார்க்காரர் சாவியிலிருந்து கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கொப்பியை எடுத்தார். பின் இருக்கையிலிருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. என் திகதிக்குப் பிறகு வந்த தாள்கள் எல்லாம் வெறும் வெள்ளை. அவர் விரலை நாக்கில் தொட்டு, அந்த வெறும் தாள்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார். பின்னுக்குப் போய்ப் பார்த்தார், முன்னுக்கு வந்து பார்த்தார். யன்னலில் குனிந்திருந்த முகம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. மண்டபத்தில் சனம் காத்திருக்கிறது, போவோமா என்று என் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். கார்க்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, நாள் இருக்கோ எண்டு பாக்கோணும்" என்றார்.